கொப்பிக் கடையும் மா மூட்டையும்: தலவாக்கலைப் பக்கத் தோட்டக் குடும்பம் ஒன்றின் சாமான் செலவு

பின்னணி

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) குடியிருக்கும் ஆறு பேர் கொண்ட குடும்பம் இது. தாயும் தகப்பனும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறார்கள். பாட்டி வேலையிலிருந்து நின்று பல வருடமாகிறது. பிள்ளைகள் மூவரில் மூத்தவளுக்குப் பதினான்கு வயது, கடைசிப் பிள்ளைக்கு நான்கு. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, 2024 நவம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை அவர்களின் சாமான் செலவில் நடந்ததை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று கணக்கு. டிசம்பர் 10 சம்பளத்தில் தாய்க்கு 20 பேர், தகப்பனுக்கு 23 பேர் விழுந்திருந்தது. இரண்டும் சேர்த்து 58,050 ரூபாய். சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 4,644. தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்துக்கு ஆளுக்கு 1,500. சந்தா, கோயில், தேயிலைத்தூள் என 1,206. அதற்கு முந்தின 25ஆம் திகதி வாங்கிய அட்வான்ஸ் ஆளுக்கு 4,000. எல்லாம் போகக் கைக்கு வந்தது 41,200 ரூபாய். இதைத் தவிர அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் 8,500.

சாமான் முழுக்க லயத்துக்குக் கீழே உள்ள கடையில், கடனுக்கு. கடன் எழுதும் கொப்பி கடையிலேயே இருக்கும். சம்பளம் எடுத்ததும் தகப்பன் நேரே போய் முதலாளியிடம் கொடுப்பார், மிச்சம் இருந்தால் வீட்டுக்கு வரும். 18,400 ரூபாய் பழைய பாக்கி ஒன்றும் நெடுங்காலமாகக் குறையாமல் நின்றது. டவுன் ஒன்பது கிலோமீற்றர். பஸ் உண்டு, ஆனால் மூட்டையோடு ஏறினால் கண்டக்டரின் முகம் மாறும். இறங்கிய இடத்திலிருந்து லயத்துக்கு ஏற்றம் வேறு.

குடும்பம் எங்களிடம் உதவி கேட்டது பாக்கியை அடைக்க ஒரு வழிக்குத்தான். சாமான் செலவைப் பார்ப்பது அதற்கான முதல் படியாக வந்தது.

கொப்பியில் கண்டது

நவம்பர் 10 முதல் டிசம்பர் 9 வரை கொப்பியில் இருந்ததை வகை பிரித்து எழுதினோம். மொத்தம் 47,260 ரூபாய்.

அரிசி 32 கிலோ, 7,840. கோதுமை மா 26 கிலோ, 5,460. தேங்காய் 27, 5,400. மரக்கறி, கிழங்கு, வெங்காயம் 5,240. கருவாடு, டின் மீன், முட்டை, சோயா 4,130. பால்மா 3,820. எண்ணெய் 3,150. பிஸ்கட், டொபி, மிக்சர் 2,540. சவர்க்காரம், சலவைத்தூள், பற்பசை, ஷாம்பு 2,300. பருப்பு 6 கிலோ, 1,980. சீனி 7 கிலோ, 1,890. மிளகாய்த்தூள், சரக்கு, உப்பு 1,850. ரீலோட்டும் வெற்றிலையும் 1,660.

41,200உம் 8,500உம் சேர்ந்தால் 49,700. கடைக்குக் கொடுத்த பிறகு கரன்ட் பில்லுக்கும் மற்றதற்கும் 2,440 ரூபாய்தான் மிஞ்சும். பழைய பாக்கி அசையாமல் நின்ற காரணம் இதிலேயே தெரிந்தது.

அதே வாரத்தில் டவுனில் மொத்தக் கடையிலும் அரசாங்கக் கடையான சதொசவிலும் விலை கேட்டு எழுதினோம். மா லயத்துக் கடையில் கிலோ 210, டவுனில் 25 கிலோ மூட்டையாக எடுத்தால் 180. பருப்பு 330க்கு 285. சீனி 270க்கு 240. தேங்காய் 200க்கு 180. நாட்டரிசி 245, அந்த டிசம்பரில் அரசாங்கம் அதற்கு வைத்த உச்ச விலையோ 230. இந்த ஐந்து சாமானில் மட்டும் மாதம் 2,280 ரூபாய் வித்தியாசம்.

இதைக் கேட்டதும் தகப்பன் சொன்னது, "அப்ப இனி டவுன்லயே எடுத்துருவோம்." கணக்கு அவ்வளவு லேசாக முடியவில்லை. டவுனுக்கு ஆட்டோவில் போய்க் காத்து நின்று திரும்ப 2,000 ரூபாய். தனியாகப் போனால் 2,280இல் மிஞ்சுவது 280தான். விலையை மட்டும் பார்த்துக் கடை மாறுகிற பல குடும்பங்கள் இரண்டாம் மாதமே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவதற்கு இதுதான் காரணம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஆகவே விலையை விட்டுவிட்டு, வாங்கும் விதத்தைப் பார்த்தோம். டிசம்பர் 10 முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றவில்லை. மூத்த மகள் ஒரு சின்னக் கொப்பியில் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததையெல்லாம் வந்த உடனே எழுதினாள். மூன்று விஷயங்கள் வெளிவந்தன.

முதலாவது, கடைக்குப் போகும் தடவை. சில நாட்களில் ஒரே நாளில் மூன்று தரம்: காலையில் சீனி 250 கிராம், பின்னேரம் தேங்காய், இரவில் எண்ணெய். பெரும்பாலும் போவது சின்னப் பிள்ளைகள். போகும் ஒவ்வொரு தரமும் ஒரு பிஸ்கட்டோ டொபியோ கொப்பியில் ஏறும். மாதம் 2,540 ரூபாய் வந்த வழி அது. பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. காசு கையில் இல்லாமல் சாமான் வாங்கப் பழகிய பிள்ளைக்கு விலை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இரண்டாவது, எண்ணெய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். தலவாக்கலைக் குளிரில் மார்கழியில் விடியற்காலையில் அது கட்டியாகத்தான் இருக்கும். போத்தலில் ஊற்றி அளக்க முடியாமல், கடையில் கரண்டியால் அள்ளிப் பையில் கட்டித் தராசில் வைக்கிறார்கள், ஆனால் விலை கால் போத்தலுக்கு. ஒரு போத்தல் 750 மில்லி என்றால் கால் போத்தல் 187 மில்லி. அந்த எண்ணெயின் எடை ஏறக்குறைய 172 கிராம். வீட்டுக்கு வந்த மூன்று பைகளைப் பக்கத்து வீட்டு டிஜிட்டல் தராசில் வைத்தபோது 150, 155, 148 கிராம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. கடைக்காரர் வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல முடியாது, கண்மதிப்பில் 150 கிராம் என்று வைத்துக்கொண்டிருந்தார். மலைநாட்டில் எண்ணெய் வாங்குகிறவர்கள் ஒன்றில் மூடி முத்திரையிட்ட போத்தலாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் கிராமுக்கு விலை கேட்க வேண்டும்.

மூன்றாவது, பதிவு. இரண்டு வாரத்தில் வீட்டுக் கொப்பிக்கும் கடைக் கொப்பிக்கும் 870 ரூபாய் வித்தியாசம். ஒரு பால்மா பைக்கற் இரண்டு தரம் ஏறியிருந்தது. மற்றது பக்கத்து வீட்டாருடைய சாமான். காட்டியதும் முதலாளி பேசாமல் வெட்டிவிட்டார். இருட்டுகிற நேரத்தில் கடையில் பத்துப் பேர் நிற்கும்போது எழுதினால் இப்படித்தான் ஆகும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

லயத்துக் கடையை விடுவதில்லை என்பது முதல் முடிவு. மேற்குச் சரிவில் தை பிறந்தால் பங்குனி வரை வெயில். கொழுந்து குறையும், பேர் குறையும். வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லாமல் போனாலும் கடன் தருவது அந்தக் கடைதான், மொத்தக் கடையல்ல. அந்த விலை வித்தியாசத்தை வட்டி என்றே நினைத்துக்கொள்ளலாம். அதை முழுச் சாமானுக்கும் கொடுப்பதா, அவசரத்துக்கு மட்டும் கொடுப்பதா என்பதே கேள்வி.

பாக்கியை அடைக்க நுண்கடன் எடுக்கலாமா என்று தகப்பன் கேட்டார். வேண்டாம் என்றோம். தவணை வாரத்துக்கு வாரம் வரும், சம்பளமோ மாதத்துக்கு ஒரு தரம். கடைப் பாக்கிக்கு ஆள் வந்து கதவைத் தட்டுவதுமில்லை.

சீட்டு ஒன்று பிடித்து அந்தக் காசில் மூட்டை எடுப்பது என்றும் ஒரு யோசனை வந்தது. முதல் மாதத்திலேயே எடுப்பவருக்கு மட்டும்தான் அது உதவும் என்பதால் விட்டோம்.

மூட்டைக்குக் காசு எங்கிருந்து? சம்பள நாளில் நேரே கடைக்குப் போகாத காசு இரண்டு இருந்தது: 25ஆம் திகதி அட்வான்சும் அஸ்வெசுமவும். அட்வான்ஸ் 8,000இல் வகுப்புக் காசுக்கும் பஸ்ஸுக்கும் 3,500 போகும், மிச்சம் 4,500 எப்படிப் போகிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த 4,500உம் அஸ்வெசும 8,500உம் சேர்த்து 13,000. இதை மா, அரிசி, பருப்பு, சீனி என்ற நான்குக்கு மட்டும் ஒதுக்கினோம். கனமானவை, மாதம் முழுக்கத் தேவையானவை, கெடாதவை என்பதால் இவை. மரக்கறி, முட்டை, கருவாடு, பால்மா, சவர்க்காரம் எல்லாம் லயத்துக் கடையிலேயே.

டவுனுக்குப் போகுமுன் முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில் தாய் உறுதியாக இருந்தார். அவர் செய்தது சரி. கையில் காசு வந்ததும் வேறு கடைக்குப் போய்ப் பாக்கியை மறக்கும் ஆட்களைக் கண்டவர் கடைக்காரர். மூட்டை லயத்தில் இறங்கியதைப் பார்த்த பிறகு சொன்னால் அது வேறு பேச்சாக மாறும்.

"முதலாளி, மாவும் அரிசியும் மட்டும் இனி டவுன்ல எடுக்கப் போறோம். பழைய பாக்கிய மாசம் 2,300 ரூபாயா எட்டு மாசத்துல கட்டிருவோம். மத்த சாமான் ஒங்ககிட்டதான்."

"மொத மாசம் கட்டிக் காட்டு தங்கச்சி, பொறகு பாப்போம்."

கொப்பி 25,000க்கு மேல் போனால் சொல்லும்படியும், தாய் முதலாளியிடம் பிள்ளைகளிடம் சீட்டில் எழுதியதைத் தவிர வேறு கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இரண்டுக்கும் முதலாளி சரி என்றார்.

அரிசியை உச்ச விலைக்கு மேல் விற்பதை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குச் சொல்லலாம். அது குடும்பத்தின் உரிமை. 18,400 ரூபாய் பாக்கி வைத்திருப்பவர் அந்த அழைப்பை எடுப்பது எளிதல்ல என்பதும் உண்மை. அவர்கள் எடுக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. பாக்கி இல்லாத வீடுகள் எடுக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

முதல் மாதம்

டிசம்பர் கடைசியில் பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஆட்டோவில் போனார்கள். மா 25 கிலோ 4,500, அரிசி 25 கிலோ 5,750, பருப்பு 4 கிலோ 1,140, சீனி 2 கிலோ 480, ஆட்டோவில் பங்கு 1,000. மொத்தம் 12,870.

ஜனவரி 10இல் கடைக் கொப்பி 35,740. இரண்டும் சேர்ந்தால் 48,610; பழைய மாதத்தை விட 1,350 கூட. இடையில் மூட்டை வந்ததால் ஒரு பகுதிச் சாமான் வீட்டில் மிச்சமிருந்தது என்றாலும், அது மட்டும் காரணமல்ல. இரண்டு பிழை நடந்திருந்தது.

மா மூட்டையைச் சுவரோரமாகச் சீமெந்துத் தரையில் வைத்திருந்தார்கள். மார்கழி மழையில் லயத்துத் தரை எப்போதும் குளிர்ந்து வேர்த்துக் கிடக்கும். மூட்டையின் அடியில் ஏறக்குறைய மூன்று கிலோ கட்டிபிடித்து, புளித்த வாடை அடித்தது. பாட்டி அரிதட்டில் சலித்துப் பார்க்கலாம் என்றார். பூஞ்சணம் பிடித்த மாவைச் சலித்தாலும் சுட்டாலும் எடுக்கக்கூடாது. கொட்டச் சொன்னோம். 540 ரூபாய் போனது.

இரண்டாவது பிழை அளவு. மூட்டை நிறைய மா இருக்கும்போது கை தாராளமாக அள்ளும். முன்பு ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குள் முடிந்த ரொட்டி, அந்த மாதம் அதற்கு மேல் போனது. மூட்டையாக வாங்கும் எந்த வீட்டிலும் இது நடக்கும்.

திருத்தம் எளிது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை மேல், சுவரில் படாமல் வைத்தார்கள். புது மூட்டை வந்ததும் பீப்பாயில் பழைய மா இருந்தால் அதை முதலில் வெளியே எடுத்து, வெறும் பீப்பாயைத் துடைத்து வெயிலில் காயவைத்த பிறகே கொட்டுவது. பழைய மாவின் மேல் புதியதைக் கொட்டினால் அடியில் இருக்கும் வண்டு எல்லாவற்றுக்கும் பரவும். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வாரத்துக்கு 6 கிலோ மா, 7 கிலோ அரிசி நிறுத்து அடுப்படி டின்னில் எடுத்து வைப்பது. சனிக்கிழமைக்கு முன் டின் காலியானால் பீப்பாயைத் திறக்காமல் அன்றைக்குக் கிழங்கோ பாணோ. சில நாள் அப்படியும் நடந்தது.

தேங்காய்

மலையில் தேங்காய் காய்ப்பதில்லை, ஒவ்வொன்றும் கீழ்நாட்டிலிருந்து லொறியில் ஏறி வர வேண்டும். 2025 தொடக்கத்தில் நாடு முழுக்கத் தட்டுப்பாடு வேறு. விலையில் எதுவும் செய்ய முடியாது என்பதால் எண்ணிக்கையைப் பார்த்தோம்.

இந்த வீட்டில் காலை ரொட்டிக்கு அரைக் காய், பகல் கறிக்கு அரைக் காய். கறிக்குத் திருவியதை ஒரு தரம் பிழிந்துவிட்டுக் கோழிக்குப் போட்டார்கள். மாற்றியது இப்படி: கறிக்குத் திருவியதைக் கைச்சூட்டுத் தண்ணீரில் இரண்டு தரம் பிழிந்து, இரண்டாம் பாலில் பருப்பையோ கிழங்கையோ வேகவைத்து, இறக்கும்போது முதற்பாலை விடுவது. குளிர்ந்த தண்ணீரில் பிழிந்தால் இந்தக் குளிருக்குக் கொழுப்பு சக்கையிலேயே தங்கிவிடும். பால் வருவதில்லை என்று இன்னொரு காயை உடைப்பது அதனால்தான். பிழிந்த சக்கையை அடுத்த நாள் ரொட்டி மாவில், புதிதாகத் திருவிய கொஞ்சத்தோடு சேர்த்தார்கள். ருசி குறையாமல் இருக்க வெங்காயமும் பச்சை மிளகாயும். காயை உடைத்தால் கண் உள்ள பாதியை முதலில் திருவ வேண்டும், அதுதான் முதலில் கெடும். வாரத்தில் இரண்டு நாள் பால் விடாத கறி.

மாதம் 27 தேங்காய் 17ஆகக் குறைந்தது.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை

பிப்ரவரியில் கொழுந்து இல்லை. தாய்க்கு 14 பேர்தான் விழுந்தது. பாக்கித் தவணை 2,300க்குப் பதில் 1,000 கொடுத்து, காரணத்தையும் சொன்னார்கள். முதலாளி வாங்கிக்கொண்டார். முந்தின மாதம் சொன்னபடி கொடுத்திருந்தது இங்கே உதவியது. அந்த ஜனவரியிலிருந்து அஸ்வெசும 8,500இலிருந்து 10,000ஆகக் கூடியதும் கைகொடுத்தது, இல்லாவிட்டால் மூட்டைக் காசிலேயே கை வைத்திருப்பார்கள்.

அந்த மாதத்திலிருந்து நான்கு வீடுகள் சேர்ந்தன. மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் பட்டா என்ற சின்ன லொறி ஒன்று 2,000 ரூபாய்க்குப் பேசப்பட்டது, வீட்டுக்கு 500. நான்கு வீட்டு மாவும் அரிசியும் 200 கிலோ. இந்த ஏற்றத்தில் ஆட்டோவுக்கு அது ஆபத்தான பாரம். காசை முதல் நாள் இரவே ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும், கொடுக்காதவரின் சாமான் எடுக்கப்படாது என்று பேசிக்கொண்டார்கள். ஒரு வீடு ஒரு மாதம் விடுபட்டது, மனத்தாங்கல் வரவில்லை.

லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் ஜனவரியில் முள்ளங்கியும் போஞ்சியும் போட்டு, வேலியில் சௌசௌ ஏற்றினார்கள். முள்ளங்கி மார்ச்சில் கறிக்கு வந்தது, இலையும் சுண்டலுக்கு ஆனது. பிப்ரவரி வெயிலில் பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றினார்கள். சவர்க்காரம் போட்ட தண்ணீரை ஒதுக்கினார்கள்.

பால்மாவைக் குறைக்கலாம் என்று தகப்பன் ஒரு தரம் சொன்னார். கடைசிப் பிள்ளையின் எடை கிளினிக் அட்டையில் குறைவாக இருந்ததால் அதில் கை வைக்கவில்லை. மிஞ்சியதில் முட்டை கூட வாங்கச் சொன்னோம். மிச்சம் பிடிப்பது பிள்ளையின் தட்டில் தொடங்கக்கூடாது. ஷாம்புவை போத்தலாக மாற்றுவோம் என்று மில்லிக்கு விலை பார்த்தபோது பைக்கற்தான் மலிவாக இருந்தது. அதை அப்படியே விட்டோம்.

முடிவில் கணக்கு

மார்ச் 10 முதல் ஏப்ரல் 9 வரை, லொறிப் பங்கு உட்பட எல்லாம் சேர்த்து 40,340 ரூபாய். முன்பு 47,260. வித்தியாசம் 6,920.

தேங்காயில் 1,830, பிஸ்கட் வகையில் 1,320, மரக்கறியில் 1,190, மாவில் 780, அரிசியில் 710, எண்ணெயில் 600, சீனியில் 450, சரக்கிலும் சவர்க்காரத்திலும் தலா 350, பருப்பில் 270 குறைந்தன. முட்டையும் கருவாடும் அடங்கிய வகை 350 கூடியது, பால்மா 80 கூடியது, லொறி 500.

டவுனில் விலை குறைவு என்பதால் மட்டும் கிடைத்தது மா, அரிசி, பருப்பு, சீனி நான்கிலும் சேர்த்து ஏறக்குறைய 1,700. லொறிக் காசு போனால் 1,200. மற்ற 5,700 ரூபாயும் வந்தது வாங்கும், அளக்கும், எழுதும், சமைக்கும் விதத்தை மாற்றியதால். மலிவான கடையைத் தேடுவதற்கு முன் கொப்பியைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பழைய பாக்கியில் ஏப்ரல் 10 வரை 7,900 கட்டி முடிந்தது. மிச்சம் 10,500.

அடுத்த குடும்பத்தோடு மாற்றிச் செய்ய வேண்டியவை

பீப்பாயும் பலகையும் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மூட்டைக்குக் காசு எடுக்க வேண்டும். முதல் தடவை அரிசியை 10 கிலோவோடு நிறுத்தி, வாராந்த அளவு பழகிய பிறகு கூட்டுவது நல்லது.

மழைக்காலத்தில் தொடங்குவதை விட, சித்திரை, வைகாசியில் கொழுந்து கூடி பேர் நிறைய விழும்போது தொடங்கினால் தவணை தவறாது. இந்தக் குடும்பம் தொடங்கிய இரண்டாம் மாதமே வறட்சியில் மாட்டியது.

தகப்பன் டவுனில் கைக்காசாகச் செலவழிப்பதை இந்தக் கணக்கில் எழுதவில்லை. அட்வான்சில் 4,500 போன வழி தெரியாமல் இருந்ததற்கு அதுவும் காரணம். இரண்டு வாரப் பதிவில் பெரியவர்கள் இருவரின் கைச்செலவும் வர வேண்டும். அதை வீட்டில் எல்லோர் முன்னிலும் வாசிக்காமல், கணவன் மனைவி இருவரும் மட்டும் பார்த்தால் போதும்.

எண்ணெய் நிறுக்கும் விஷயத்தை நான்கு வீடும் சேர்ந்து முதலாளியிடம் பேசியிருந்தால் லயம் முழுவதற்கும் பயன்பட்டிருக்கும். ஏப்ரலில்தான் அது நடந்தது. இப்போது அந்தக் கடையில் கால் போத்தலுக்கு 172 கிராம் நிறுக்கிறார்கள், தராசுக்குப் பக்கத்தில் அட்டையில் எழுதி ஒட்டியும் இருக்கிறது.